ஒட்டு கீதா என்று கேட்டு வாங்கிய வண்டி

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்தாறு வருடம் யோசித்துவிட்டேன். இரண்டு முறை பேப்பர் எடுத்து உட்கார்ந்து, மேலே 'கோவிந்தா' என்று எழுதியதோடு மூடி வைத்துவிட்டேன். ஏமாந்ததைச் சொல்ல வெட்கம் ஒரு பக்கம். சாமி பேரைச் சொல்லி ஏமாற்றினான் என்று எழுதினால் சாமிக்குக் குறையாகிவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். நான் எட்டாவது வரை படித்தவன், அதிலும் பாதி தமிழ், பாதி தெலுங்கு. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குவைத்துக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது வெயிலும் இல்லை, சாப்பாடும் இல்லை. 'வல்லா' என்ற சொல்தான். கடவுள்மேல் ஆணை என்று அர்த்தம். நான் கார் ஓட்டும் வீட்டில் அதை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்பேன். "வல்லா, ஐந்து நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா உள்ளே போனால் முக்கால் மணி நேரம் ஆகும். தக்காளி நன்றாக இருக்கிறது, வல்லா. தம்பியை அடித்தது நான் இல்லை, வல்லா. இவ்வளவு சின்ன விஷயத்துக்கெல்லாம் கடவுளை இழுக்கிறார்களே என்று எனக்கு மனசு கூசும். எங்கள் ஊர் நாராயணவனத்துக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிறது. அங்கே ஏழுமலையான்மேல் ஆணை வைத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. கிணற்றுத் தண்ணீர்த் தகராறில் பத்து வருடம் முகம் பார்க்காத பங்காளிகள்கூட அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். அந்த ஆணைக்கு நாங்கள் 'ஒட்டு' என்போம். அது தெலுங்கு. தமிழில் ஒட்டு என்றால் வேறு. கிழிந்ததிலும் உடைந்ததிலும் போடுவது. இரண்டையும் ஒரே வாயால்தான் சொல்கிறோம். எது எந்த ஒட்டு என்று எங்களுக்குக் குழம்பியதே இல்லை. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இங்கே வேலைக்காரர்கள் வீட்டுக்கார ஐயாவை 'பாபா' என்றும் அம்மாவை 'மாமா' என்றும் கூப்பிட வேண்டும். எங்கள் பக்கம் மனைவி புருஷனைத்தான் மாமா என்பாள். முதல் மாதம் போனில் பேசிக்கொண்டிருக்கும்போது "இரு, மாமா கூப்பிடறாங்க" என்றேன். போனில் இருந்தது என் மனைவி தனம். உடனே, "இன்னா மாமா, ஊர் உலகத்துல எனக்கு ஒரு மாமாதான்னு இருந்தேன், அங்க உனுக்கே ஒரு மாமாவா?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு எட்டு வருடம் ஓட்டினேன். அடுத்தவர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, அழைத்து, விட்டு, அழைத்து. என் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வழியை நான் பார்த்ததில்லை.

எட்டாவது வருடம் உட்கார முடியவில்லை. பள்ளிக்கூட வாசலில் காரை நிறுத்திக் காத்திருக்கும் நேரமெல்லாம் போனில் பழைய வண்டிகளின் படங்களையே தள்ளிக்கொண்டிருப்பேன். ஏழு பேர் உட்காரும் ஒரு வண்டி, மஞ்சள் போர்டு. திருப்பதி ஸ்டேஷனில் இறங்கும் பக்தர்களை ஏற்றிக்கொண்டு நாராயணவனம், நகரி, திருத்தணி என்று காட்டிவிட்டு இரவு என் வீட்டுச் சோற்றைத் தின்ன வேண்டும். அவ்வளவுதான் ஆசை. அந்த வண்டி கிடைத்தால் நான் ஊரில் இருப்பேன். கிடைக்காவிட்டால் இங்கேதான்.

ஒரு வெள்ளிக்கிழமை அது கண்ணில் பட்டது. வெள்ளை வண்டி. முன்கண்ணாடியில் பெரிய நாமம், போனட்டில் சாமந்தி மாலை, பின்னால் ஏதோ ஒரு கோபுரம். சித்தூரில் இருப்பதாகப் போட்டிருந்தது. மற்ற வண்டிகளைவிட விலை குறைவு. குறைவாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். நானோ நாமத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீடியோவில் கூப்பிட்டேன். நெற்றியில் திருநீறும் குங்குமமுமாக ஒருவர் வந்தார். நான் எங்கள் பக்கத்துத் தமிழில் கேட்டேன், இருக்கிறதா என்பது அதில் 'கீதா'. அவர் தமிழும் தெலுங்கும் கலந்து பேசினார்.

"ஆர்.சி. உங்க பேர்ல கீதா?"

"மா பாவமரிதி பேர்ல கீது அண்ணா. பெண்டாட்டி தம்பி, ஒரே குடும்பம்தான்."

"அடி கிடி பட்டுதா? எங்கியாவது ஒட்டு கீதா?"

அவர் கையைத் தலைக்குமேல் கூப்பினார். "ஒட்டு அண்ணா! ஏடுகொண்டலவாடி மீத ஒட்டு!"

ஏழுமலையான்மேல் ஆணை என்றதும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நானும் இங்கிருந்தே கை கூப்பினேன்.

தனத்தின் தம்பி முனிரத்தினம் சித்தூருக்குப் போய் வண்டியைப் பார்த்தான். திருப்பதியில் அடிபட்ட வண்டிகளைத் தட்டிச் சரிசெய்யும், தனக்குத் தெரிந்த டிங்கர் ஒருவரிடம் ஓட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு முடிவு செய்யலாம் என்றான். விற்பவர் விடவில்லை. வேறு பார்ட்டி வந்துகொண்டிருக்கிறது, இன்றைக்கே முடிக்க வேண்டும் என்றாராம்.

"மாமா, அவன் அவசரப்படுத்தறான். எனக்கு இன்னாவோ சரியா படல. டிங்கர இங்கியே கூட்டியாரட்டா?"

"டேய், சாமி மேல ஒட்டு போட்ட மனுஷன் கிட்ட ஆள வச்சி சோதிக்கிறியா? பாவம்டா அது" என்று கத்தினேன்.

தம்பியோடு கூடப் போயிருந்த தனமும் போனை வாங்கி, "அந்த ஆர்.சி. பேர்க்காரன் கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வாங்கு மாமா" என்றாள். அவளையும் திட்டினேன். அவர்கள் இருவரும் கேட்டது நியாயமான கேள்வி. அவர்கள் வாயை அடைத்தது நான். இதைத்தான் இத்தனை வருடமும் எழுதக் கை வரவில்லை.

பணத்தை அனுப்பி, வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது என்றதும் நான் வீட்டம்மாவிடம் போய் நின்றேன். எனக்குத் தெரிந்த அரபியும் இங்கிலீஷும் கலந்து, "மாமா, ஐ கோ இண்டியா. கலாஸ்" என்றேன். கலாஸ் என்றால் முடிந்தது. அவர் தலையை ஆட்டி, "ஓகே, ஓகே. யுவர் ரூம், யுவர் ரூம், வல்லா" என்றார். ஏதோ மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்து வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் நாராயணவனம் கல்யாண வெங்கடேசர் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டோம். என் பெட்டியைத் தனம் பரண்மேல் ஏற்றினாள். இனி இறங்காது என்றாள். மறு வாரம் பேர் மாற்றவும் தகுதிச் சான்று வாங்கவும் வண்டியை எடுத்துக்கொண்டு போனோம். எங்கள் பக்கம் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் அதிகாரி பேப்பரைப் பார்த்தார், எல்லாம் சரி. வண்டியின் அடிச்சட்டமான சேஸில் அடித்திருந்த நம்பரைக் குந்தி உட்கார்ந்து பார்த்தார், அதுவும் பேப்பரோடு சரி. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. ஒரு துணியில் பெட்ரோலை நனைத்து அந்த நம்பரைச் சுற்றித் துடைத்தார். பிறகு கட்டை விரல் நகத்தை மெதுவாக ஓட்டினார். பெயிண்ட் உரிந்து, நம்பரைச் சுற்றி நாலு பக்கமும் வெல்டிங் தழும்பு தெரிந்தது.

"அதுகு" என்றார். தெலுங்கில் அதுகு. எங்கள் தமிழில் ஒட்டு.

விபத்தில் நொறுங்கிப் பழைய இரும்புக்குப் போன ஏதோ ஒரு வண்டியின் நம்பரைத் துண்டாக வெட்டி, எங்கிருந்தோ திருடிய வண்டியில் பற்ற வைத்திருக்கிறார்கள். பேப்பர் செத்த வண்டியுடையது, உடம்பு திருட்டு வண்டியுடையது. பேப்பரில் இருந்த பேர்க்காரரைப் போலீஸ் தேடிப் பிடித்துக் கேட்டபோது, அவருக்கு அக்காளே இல்லை. ஒரு போன் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். விற்றவரின் நம்பர் அணைந்து கிடந்தது. ஸ்டேஷனில் நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த எஸ்.ஐ. பேனாவை நிறுத்தி, "ஒட்டு தீஸுகுன்னாவு, சரே. ஆதார் ஜெராக்ஸ் தீஸுகுன்னாவா?" என்றார். ஆணை வாங்கினாய் சரி, ஆதார் நகல் வாங்கினாயா என்று. அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்கு அதிகமாக வலித்தது.

வண்டியை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தோம். தனம் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பிறகு திடீரென்று கேட்டாள்.

"நீ அவன இன்னா கேட்ட மாமா?"

"ஒட்டு கீதான்னு கேட்டேன்."

"அவன் இன்னா சொன்னான்?"

"ஒட்டுன்னான்."

"பாவம், மெய்யத்தான் சொல்லிக்கீறான்" என்று சிரித்தாள். முனிரத்தினம் சிரித்தான். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், பரண்மேல் இருந்த என் பெட்டியை அவளே இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தாள். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

வேலையை விட்டுவிட்டு வந்தவன், எந்த முகத்தோடு கேட்பது என்று தயங்கித்தான் குவைத்துக்கு போன் போட்டேன். வீட்டம்மா எடுத்ததும், "லீவ் கலாஸ்? கம், கம்" என்றார். நான் சொன்ன கலாஸ் வேலை முடிந்தது. அவருக்குப் புரிந்த கலாஸ், லீவுக்குப் பெட்டி கட்டி முடிந்தது. விசாவை ரத்து செய்யவே இல்லை. வந்து பார்த்தால் என் அறையில் என் செருப்பு விட்ட இடத்திலேயே இருந்தது. வல்லா என்று அவர் சொன்னது அப்படியே நின்றது. அன்றிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு மனசு கூசுவதில்லை. சாமி தப்பு செய்யவில்லை என்பதும் மெல்லத்தான் புரிந்தது. விற்றவன் ஆணையைக் கேட்டுக்கொண்டு கண்ணை மூடியது நான். கண்ணை மூடச் சொல்லி எந்தச் சாமி சொன்னது?

போன வாரம் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும், குப்பம் என்ற ஊர்க்காரர் ஒருவர், தம்பிக்கு வாங்கப்போகிறேன் என்று போனில் ஒரு வண்டியைக் காட்டினார். "சாமி போட்டோ முன்னாடி நிறுத்தி எடுத்துக்கீறான் அண்ணா, நல்ல ஆளாட்டம் கீது."

"சாமியக் கும்புடு. அப்புறம் வண்டிக்கு அடியில படுத்துப் பாரு" என்றேன்.

ஆர்.சி.யில் யார் பேர் இருக்கிறதோ அவரை நேரில் பார்த்துப் பேசச் சொன்னேன். கடன் பாக்கி, இன்சூரன்ஸ், விபத்துக் கணக்கு எல்லாம் வண்டி நம்பரைப் போட்டால் தெரியும், பார்த்துவிடச் சொன்னேன். சொந்த டிங்கரைப் பகல் வெளிச்சத்தில் கூட்டிப் போய் நம்பரைச் சுற்றி விரலை ஓட்டச் சொன்னேன். பார்க்காத வண்டிக்கு டோக்கன் அட்வான்ஸ் என்று எதுவும் அனுப்பாதே, அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடு என்றேன். அவர் தம்பிக்கு அங்கேயே போன் போட்டார். அன்றைக்கு ராத்திரிதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

லீவில் போகும்போதெல்லாம் திருப்பதி பஸ் அந்த ஸ்டேஷன் வாசலைத் தாண்டித்தான் போகும். வண்டி இன்னும் அங்கேதான் நிற்கிறது. டயர் மண்ணில் இறங்கி, கதவோரம் செடி முளைத்து, அந்த நாமம் மட்டும் வெளுத்துத் தெரிகிறது. அதைப் பார்த்ததும் என் கை தானாகக் கன்னத்துக்குப் போகும். பஸ்ஸில் இருப்பவர்கள், இங்கே என்ன கோயில் என்று எட்டிப் பார்ப்பார்கள். போன லீவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனம் அந்த வண்டி கண்ணைவிட்டு மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டு, "எப்ப மாமா முடிச்சிக்கினு வருவ?" என்றாள்.

"அடுத்த வருஷம், வல்லா" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

"அது எந்த ஊரு ஒட்டு?" என்றாள்.

அவள் மடியில் இருந்த பையை வாங்கி என் மடியில் வைத்துக்கொண்டேன். பஸ் போய்க்கொண்டிருந்தது.

ஊரில் இருப்பவர்களும் வெளியே இருப்பவர்களும், வண்டி வாங்க நினைக்கும் யாரைப் பார்த்தாலும் இதை நான் எழுதியது எழுதியபடியே சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு ஒன்றும் சேர்க்க வேண்டாம். மெய்தான் என்று சத்தியம் செய்யவும் வேண்டாம். இரண்டு ஒட்டும் இல்லாமல் இது போய்ச் சேரட்டும்.