சுன்னாகம் சந்தையில் இரண்டு கடதாசிகள்

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு கிழமையாக யோசித்தேன். இந்தக் குழுவில் நீங்கள் எழுதுவதையெல்லாம் வாசித்துவிட்டுச் சத்தமில்லாமல் போகிறவள் நான். இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன்... பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது தும்மல்தான். செத்தல் மிளகாய்ச் சாக்கை அவிழ்த்துக் கொட்டினால் போதும், அந்த வரிசையே தும்மும். விற்கிறவர் தும்முவார், வாங்க வந்தவர் தும்முவார், பிறகு இருவரும் விட்ட இடத்திலிருந்து பேரம் பேசுவார்கள்.

எழுபதுகளின் தொடக்கம். வெளிநாட்டுச் சாமான்கள் வருவது நின்றுபோயிருந்த காலம். உருளைக்கிழங்கு, பீற்றூட், முட்டைக்கோவா, கரட்... எல்லாம் எங்கள் செம்மண்ணிலேயே விளைந்து சந்தைக்கு வந்தன.

அப்பா வெங்காயத் தோட்டக்காரர். நான் எங்கள் ஒழுங்கையிலேயே முதல் பட்டதாரி. படித்து முடித்து, வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்தேன். அப்பாவுக்கு அது பெரிய கவலையில்லை. "என்ரை மகள் பி.ஏ." என்று சந்தையில் சொல்லிக்கொள்ள அவருக்கு ஒரு விஷயம் இருந்தது.

அப்போது வடக்குக் கரையில் ஒரு தொழிற்சாலைக்கு இயந்திரம் பூட்ட வந்திருந்த ஒருவரின் மனைவி, சனிக்கிழமைகளில் ஜீப்பில் சந்தைக்கு வருவார். வெள்ளைக்காரி. கையால் காட்டுவார், சனம் சிரிக்கும், நினைத்ததில் பாதியோடு திரும்பிப் போவார். ஒரு சனிக்கிழமை அப்பா எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டார்: அடுத்த கிழமை மகளைக் கூட்டிவருகிறேன், அவள் இங்கிலிஸில் கதைப்பாள் என்று.



முதலாம் வகுப்பிலிருந்து பட்டம் வரை நான் தமிழிலேயே படித்தவள். இங்கிலிஸ் வாசித்தால் கொஞ்சம் விளங்கும். வாய் திறந்து ஒரு வசனம் சொன்னதில்லை. ஆனால் பட்டம் என்றால் இங்கிலிஸும் அதற்குள் இருக்கும் என்று அப்பா நம்பியிருந்தார். இல்லை என்று சொன்னால், அத்தனை பேருக்கு முன்னால் சொன்ன சொல்லை அவர் எப்படித் திருப்பி எடுப்பார்?

அகராதியைப் பார்த்து ஆறு வசனம் எழுதினேன். மனப்பாடமாக்கினேன். கடதாசியை மடித்து, முகம் துடைக்கிற லேஞ்சிக்குள் முடிந்து வைத்துக்கொண்டு அப்பாவின் சைக்கிள் கரியரில் ஏறினேன்.

ஜீப் வந்தது. பீற்றூட் விற்கிற பூமணியக்கா வியாபாரத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். "குட் மோர்னிங் மேடம்" என்றேன். அவரும் குட் மோர்னிங் சொல்லி, அதன் பிறகு ஏதோ சொன்னார். ஒன்றும் பிடிபடவில்லை. என் ஆறு வசனமும் போன இடம் தெரியவில்லை.

"என்ன பிள்ளை, வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ?" என்றார் பூமணியக்கா.

யாரோ சிரித்தார்கள். அப்பா சால்வையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினார். பிறகு மறுபடி மாற்றினார்.

வேறு வழியில்லை. லேஞ்சியை அவிழ்த்துக் கடதாசியை எடுத்தேன். அந்த அம்மா என் கடதாசியைப் பார்த்தார்... என்னைப் பார்த்தார்... பிறகு தன் கைப்பையைத் திறந்து தானும் ஒரு கடதாசியை எடுத்தார்.

பென்சிலால் எழுதிய இங்கிலிஸ் வசனங்கள். ஒவ்வொன்றின் மேலும் பொடி எழுத்தில் வேறு ஏதோ மொழி. முதல் வரி, "பிளீஸ், ஹவ் மச் இஸ் திஸ்?"

அவர் தன் நெஞ்சைத் தொட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "போலந்து. நோ இங்கிலிஷ்."

வெள்ளைக்காரர் எல்லாருக்கும் இங்கிலிஸ்தான் தாய்மொழி என்று அந்தச் சந்தை முழுக்க நினைத்திருந்தது. நானும்தான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடதாசிகளை மாற்றிக்கொண்டோம். அவருடையதை நான் உரத்து வாசித்தேன், என்னுடையதை அவர் உரத்து வாசித்தார். கேள்விக்கும் பதிலுக்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் இங்கிலிஸில் கதைக்கிறோம் என்று நினைத்துச் சனம் வாய் பார்த்துக்கொண்டு நின்றது.

அவர் பெயர் ஹலினா. பீற்றூட்டை இலையோடு கேட்டார். கோவா, உருளைக்கிழங்கு, கரட் வாங்கினார். பிறகு கன்னத்தை உள்ளே இழுத்து, கண்ணைச் சுருக்கிக் காட்டினார். பூமணியக்கா புளியை நீட்டினார். இல்லை. தேசிக்காயை நீட்டினார். இல்லை. நான் ஓடிப்போய் ஊறுகாய்க்கு விடுகிற வினாகிரி ஒரு போத்தல் வாங்கிவந்தேன். மூடியைத் திறந்து மணந்து பார்த்தவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது அப்பாவின் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் சொல்ல முடிந்தது.

"அப்பா, எனக்கு இங்கிலிஸ் தெரியாது. எல்லாம் தமிழிலைதான் படிச்சனான்."

அப்பா திரும்பிப் பார்க்காமல் கேட்டார்.

"அப்ப அந்த மனிசி ஏன் அப்பிடிச் சிரிச்சது?"

"அவவுக்கும் தெரியாது."

சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது. அப்பா காலை ஊன்றி நிறுத்தி, சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்தார். "சரி, வாற சனியும் போவம். இதை ஒருத்தருக்கும் சொல்லாதை."

அடுத்த சனி ஹலினா ஒரு சாடியில் பீற்றூட் போட்ட சிவப்புச் சூப் கொண்டுவந்தார், மேலே தயிர் விட்டு. ஒரு வாய் குடித்த பூமணியக்கா, "இது காய்ச்சல்காரருக்குக் குடுக்கிற சாமான்" என்று சொல்லி மிளகாய்த்தூள் போட்டார். ஹலினா அதையும் குடித்தார். தும்மினார். இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

அவர் ஊர் திரும்பும் வரை பத்து மாதம், சனிக்கிழமை தவறாமல் போனோம்; அவரும் நானும் ஆளுக்கொரு கடதாசியில் புது வசனங்கள் எழுதி வந்து கதைத்துப் பார்ப்போம். எனக்கு வந்த இங்கிலிஸ் பீற்றூட்டுக்கும் வெங்காயத்துக்கும் நடுவில்தான் வந்தது. முதல் நேர்முகத்தேர்வில் நான் பயப்படவில்லை.

இப்போது இருப்பது கனடாவில். இங்கே கடைக்குள் போனால் ஒரே வரிசையில் பத்து நாட்டு மரக்கறி கிடக்கிறது, முருங்கைக்காய் உட்பட. யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லை... அதனாலேயே யாரும் யாரோடும் கதைப்பதுமில்லை. போன மாதம் அங்கே ஒரு ஆப்கான் பெண் ஒரு போத்தலை என்னவென்று தெரியாமல் எடுப்பதும் வைப்பதுமாக நின்றார். கிட்டப் போய்க் கதைத்தேன், அடுத்த சனியும் வரச் சொன்னேன். வரும்போது தன் பக்கத்து வீட்டுக்காரியையும் கூட்டிவந்தார். இப்போது சனிக்கிழமைகளில் சேர்ந்து கடைக்குப் போகிறவர்கள் நாங்கள் நாலு பேர்.

பனிக்காலம் வருகிறது. பைகளோடு பஸ்ஸுக்கு நிற்பது இனிக் கஷ்டம். நான் இன்னும் கார் ஓட்டப் பழகவில்லை.

கேட்க வெட்கமாக இருக்கிறது, என்றாலும் கேட்கிறேன். சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலம், எங்கள் நகரத்தில் கார் உள்ள யாராவது எங்களோடு கடைக்கு வருவீர்களா?