ஐந்து கோப்பைப் பயறு

உயிரியலில் எனக்கு மிகவும் அலுப்புத் தந்தவை செய்முறைத் திட்டங்கள்தாம். இப்போது என்னோடு பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். அதே பாடத்தைத்தான் எடுத்திருக்கிறேன், வாரத்தில் பாதி நாள் ஆய்வுக்கூடத்தில்தான் நிற்கிறேன். ஆனாலும் இடைநிலைப் பள்ளியில் டீச்சர் "அடுத்த மாதம் புரோஜெக்" என்று அறிவித்த ஒவ்வொரு முறையும் எனக்கு முதலில் வந்தது ஆர்வம் அல்ல, அசதி.

பாடப்புத்தகம் என்றால் பள்ளி வேனில் உட்கார்ந்து படித்துவிடலாம். விடிவதற்கு முன் தேயிலைத் தோட்டத்திலிருந்து புறப்பட்டுப் பள்ளி இருக்கும் தானா ராத்தா போய்ச் சேரும்வரை வளைவுக்கு வளைவு தலை கண்ணாடியில் முட்டும். அந்த நேரத்திலும் ஒரு பாடம் முடித்துவிடுவேன். புரோஜெக் அப்படி இல்லை. அதற்குப் பொருள் வேண்டும், இடம் வேண்டும், வைத்த இடத்தில் அதைக் கலைக்காமல் விட்டுவைக்கிற வீடு வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்கான எங்கள் லயத்து வீட்டில் இரண்டு அறை, ஒரு அடுப்படி, ஐந்து பேர்.

இலைத் துளைகளை அச்செடுத்துப் பார்க்க நகப்பூச்சு கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அது இருந்ததே இல்லை. பழத்திலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் நாளில், பக்கத்து ஊரான கியா பார்மில் ஸ்ட்ராபெரிக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஒரு டப்பா பழத்தோடு வந்தாள். பாதி சோதனைக்கு, பாதி எங்கள் வாய்க்கு. ரொட்டியில் பூஞ்சை வளர்க்கும் திட்டத்தில் மட்டும் நான் முதல் ஆளாக முடித்தேன். எங்கள் ஈர மலையில் பூஞ்சைக்கு யாரும் உதவி செய்ய வேண்டாம். காலில் போட்டு நனைந்த சப்பாத்தை இரண்டு நாள் மூலையில் விட்டால் போதும்.

பதினாறு வயதில், நான்காம் படிவத்தின் கடைசித் திட்டம் வந்தபோது எனக்கு வேறு வழியில்லாமல் போயிருந்தது. அரையாண்டுத் தேர்வில் உயிரியலில் மோசமாக எழுதியிருந்தேன். கேள்விகள் புரிந்தன, பதிலும் தெரிந்தது, அதை மலாயில் எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. டீச்சர் என்னை அழைத்து, இந்தத் திட்டத்தில் நல்ல புள்ளி எடுக்காவிட்டால் அடுத்த ஆண்டு அறிவியல் வகுப்பில் இருக்க முடியாது, கணக்கியல் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள் என்றார். எங்கள் வீட்டில் தொடக்கப் பள்ளியின் ஆறாம் ஆண்டைத் தாண்டிய முதல் ஆள் நான். அறிவியல் வகுப்பில் இருக்கிறேன் என்பது அம்மா மூலமாகப் பெரட்டுக்களம் முழுக்கத் தெரிந்த செய்தி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம் அது. அங்கே ஒரு தடவை சொன்னதைத் திரும்ப வாங்க முடியாது.

களைக்கொல்லியின் அளவு கூடக்கூடப் பயறு முளை எப்படி வளர்கிறது என்பதுதான் நான் எடுத்துக்கொண்ட தலைப்பு. அப்பா தோட்டத்தில் மருந்து அடிப்பவர், ஆகவே பொருளுக்குப் பஞ்சமில்லை. களைக்கொல்லியை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். பள்ளியின் மலாய்ப் புத்தகத்தில் அது ராச்சுன், விஷம். அந்தச் சொல் எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. டீச்சர் கையுறை தந்து, மருந்துப் புட்டியில் பெயர் எழுதி ஒட்டச் சொன்னார். நானும் கொட்டை எழுத்தில் ராச்சுன் என்று மலாயில் எழுதி ஒட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும். அது எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

ஐந்து பிளாஸ்டிக் கோப்பைகளில் பஞ்சு வைத்துப் பச்சைப் பயறு போட்டேன். முதல் கோப்பைக்கு வெறும் தண்ணீர். மற்ற நான்குக்கும் படிப்படியாக மருந்து கூடும். ஜன்னல் ஓரத்தில் வரிசையாக வைத்தேன். எங்கள் குளிருக்கு முளை மெதுவாகத்தான் வரும் என்பதால் பத்து நாள் கணக்கு.

"என்னா பாப்பா இது?" என்றார் அம்மா.

"புரோஜெக்மா. யாரும் தொடக்கூடாது."

"எதுக்கு இத்தனை கோப்பை?"

"சொன்னா உனக்குப் புரியாதும்மா."

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "ஏன் லா, தோட்டத்துல மருந்தடிக்க நான் ஒருத்தன் போதாதா? நீ படிச்சிட்டு வந்து பயறுக்கு வேற அடிக்கணுமா?"

அன்று அவர்களுக்கு விளக்கிச் சொல்லாததற்குக் காரணம் அசதி என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அசதி உண்மைதான். ஆனால் எனக்கு மட்டும் புரிகிற ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது என்பதில் ஒரு கர்வமும் இருந்தது.

நான்காம் நாள் கடைசி இரண்டு கோப்பைகளில் முளை மஞ்சளாயிற்று. ஆறாம் நாள் தலை சாய்ந்தது. நான் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. ஒவ்வொரு மாலையும் அளவுகோலை வைத்து அளந்து குறித்துக்கொண்டேன். எட்டாம் நாள் ஐந்தாவது கோப்பையில் உயிரோடு ஒன்றுமில்லை. அன்று வேனை விட்டு இறங்கியபோதிருந்த கால்வலிகூட மறந்துபோயிற்று. செத்த பயறைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டவள் அந்த மலையில் நானாகத்தான் இருப்பேன்.

ஒன்பதாம் நாள் மாலை வீட்டுக்கு வந்தேன். ஐந்து கோப்பையும் பச்சைப்பசேல் என்று நின்றன. ஐந்தாவதுதான் எல்லாவற்றிலும் உயரம்.

முதலில் நான் ஏதோ கண்டுபிடித்துவிட்டதாகவே நினைத்தேன். மருந்தின் வீரியம் தீர்ந்ததும் முளை மீண்டு வந்திருக்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, பையைக்கூட இறக்காமல் அளந்து எழுதினேன். மூன்று கோப்பை அளந்து முடிக்கும்போது அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"எப்படி? பிழைச்சுக்கிச்சு பாத்தியா!"

"எப்படிம்மா?"

"எப்படின்னா? நாலு நாளா அது வாடுது, உனக்கு வீட்டுக்கு வந்தா தூக்கம்தான் வருது. டீச்சர் ஏசமாட்டாங்களா? அதான் வாட ஆரம்பிச்ச அன்னைக்கே ஒரு பிடி பயறு ஊறப்போட்டு அடுப்புப் பக்கத்துல துணியில மூடி வச்சு, முளைச்சதும் வெளிச்சத்துல வச்சேன். சூடு பட்டா சீக்கிரம் வரும்ல. செத்ததெல்லாம் புடுங்கிப் போட்டுட்டு இதை நட்டு வச்சிட்டேன். கோணாம, வரிசையா. பாரு."

வரிசையாகத்தான் இருந்தது. அம்மா எதையும் கோணலாக வைப்பவர் அல்ல.

"அய்யோ அம்மா! சாகணும்மா அது! சாகறதுதான் புரோஜெக்!"

அம்மா புரியாமல் என்னைப் பார்த்தார். பள்ளிக்கூடத்தில் செடியைச் சாகடிக்கச் சொல்வார்கள் என்று யாரால்தான் நினைக்க முடியும்? மகள் வளர்க்க வைத்தது வாடினால் மகளுக்குப் புள்ளி போய்விடும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. அப்போதுதான் இன்னொன்று எனக்கு உறைத்தது.

"வெறுங்கையாலயா புடுங்கினே? அந்தப் பஞ்சு முழுக்க மருந்து. கை கழுவினியா?"

"என்னா புதுசா கேக்கற? உங்கப்பா சட்டைய இத்தனை வருசமா யாரு துவைக்கிறா? நான் கையுறையா போட்டுத் துவைக்கிறேன்?"

கோப்பைகளை அப்படியே விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டேன். அம்மா இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். இரண்டாவது முறை குரல் மெலிந்திருந்தது.

மறுநாள் வேனில் பக்கத்தில் உட்கார்ந்த தோழியிடம் சொன்னேன். அவள் சிரித்துச் சிரித்து மூக்கைச் சிந்தினாள்.

"உங்கம்மா சூப்பர் லா! விடு, எட்டு நாள் நம்பர் இருக்குல்ல? மிச்சம் ரெண்டு நாளை ஹெந்தாம் பண்ணிடு."

ஹெந்தாம் பண்ணுவதென்றால் வாயில் வந்த எண்ணை எழுதித் தள்ளுவது. வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். நானும் பென்சிலை எடுத்து ஒன்பதாம் நாளுக்கு ஓர் எண் எழுதினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. வேன் அடுத்த வளைவைத் திரும்புவதற்குள் அழித்துவிட்டேன். நேர்மை என்று இதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். அந்த எட்டு நாளும் நான் நின்று அளந்தவை. அவற்றோடு பொய்யாக இரண்டைச் சேர்க்க மனம் வரவில்லை.

அறிக்கைத் தாளின் கடைசியில் ராலாட் என்று ஒரு கட்டம் இருக்கும். பிழை என்று பொருள். சோதனையில் எங்கே பிழை நேர்ந்தது, யாரால், எதனால் என்று எழுத வேண்டும். இடைவேளை முழுவதும் அந்தக் கட்டத்தின் முன் உட்கார்ந்திருந்தேன். முந்தின நாள் மாலை அம்மா பிழைச்சுக்கிச்சு என்று சிரித்த முகம் கண்முன் இருந்தது. அதே அம்மாவைப் பிழை என்று எழுத வேண்டும். கடைசியில் மலாயில் எழுதினேன்: நோக்கம் தெரியாத வீட்டார் ஒருவர் முளைகளை மாற்றிவிட்டார்.

டீச்சர் அதைப் படித்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"வீட்டார் என்றால் யார்?"

"என் அம்மா, டீச்சர்."

"ஏன் அவருக்கு நோக்கம் தெரியவில்லை?"

பின்னால் நின்ற இருவர் புத்தகத்தை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்குவது தெரிந்தது. டீச்சர் அதற்குமேல் கேட்காமல் தாளைத் திருப்பித் தந்தார். இன்னும் பத்து நாள் தருகிறேன், தாமதத்துக்குப் புள்ளி குறையும், முதலிலிருந்து செய் என்றார். எத்தனை புள்ளி குறையும் என்று கேட்கத் துணிவில்லை. வெளியே வந்து அந்தக் கட்டத்தில் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, நான் வீட்டில் விளக்கிச் சொல்லவில்லை என்று மாற்றி எழுதினேன்.

அன்று மாலை அம்மா கத்தரியால் தேயிலை வெட்டிவிட்டு வந்து கையை வெந்நீரில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். தண்ணீர்க் கோப்பை எதற்கு, ஒவ்வொன்றிலும் மருந்து ஏன் கூடுகிறது, எதை அளக்கிறேன், எல்லாம். சொல்லி முடிக்கத் தேநீர் குடிக்கிற நேரம்தான் ஆயிற்று.

"அப்ப சாகணும்னுதான் வச்சியா?"

"சாகணும்னு இல்லம்மா. எவ்வளவு ஊத்தினா சாகுதுன்னு பாக்கணும்."

"அத உங்கப்பாவைக் கேட்டா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பாரே. இதுக்கா பத்து நாளு?"

மறுபடி ஐந்து கோப்பை. மறுபடி மாலைதோறும் அளவுகோல். நான் களைத்துப்போயிருந்தேன். தேர்வும் நெருங்கிக்கொண்டிருந்தது. அம்மா கோப்பைகளின் பக்கம் போகவில்லை, ஆனால் கதவருகில் நின்றபடியே எட்டிப் பார்ப்பார். நான் வேனிலிருந்து இறங்கியதும் வாசலில் முதல் கேள்வி அதுதான்.

"அஞ்சாவது செத்துடுச்சா?"

"செத்துடுச்சும்மா."

"நாலாவது?"

"பாதி."

"பரவால்ல. நல்லாப் போவுது."

பெரட்டில் யாரோ என் படிப்பைப் பற்றிக் கேட்டதற்கு, "எம்மக பயறு நல்லா செத்துக்கிட்டு வருது" என்று அம்மா சொன்னதாக அப்பா வந்து சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அது எனக்குச் சிரிப்பாக வர இரண்டு நாள் ஆயிற்று.

தாமதத்துக்கு டீச்சர் சொன்னபடியே புள்ளியைக் குறைத்தார். அடுத்த ஆண்டு அறிவியல் வகுப்புப் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டபோது என் பெயர் கடைசிக்கு முந்தியதாக இருந்தது. ஒருமுறை படித்துவிட்டு, வேறு யாராவது கிழித்துவிடப் போகிறார்கள் என்பதுபோல அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா முதலில் கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு சுவரில் சாய்ந்து உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டார்.

"அடுத்த வருசமும் இந்த மாதிரி புரோஜெக்லாம் இருக்கா?"

"இருக்கும்மா. இன்னும் நிறைய."

"டீச்சர்கிட்ட சொல்லு பாப்பா, எதையாவது வளர்க்கிற மாதிரி குடுக்கச் சொல்லி. தினம் தினம் செத்துடுச்சா செத்துடுச்சான்னு கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சட்டையை மாற்றக்கூட எழுந்திருக்காமல் அவர் பக்கத்திலேயே நானும் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.