தட்டுச் சத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர் சாலையோரம் ராஜபாளையம் பஸ்ஸுக்காக நிற்கிறேன். எதிரே, திருவிழாவுக்குக் கடை போட வந்த வளையல்காரர் தன் வேனின் கூரையில் ஏறி டிஷ் ஆன்டெனாவைத் திருப்புகிறார். பக்கவாதத்தில் பேச்சும் இடது கையும் போன மனைவி, உள்ளே டிவி முன் படுத்திருக்கிறாள். படம் வந்ததும் அவள் கரண்டியால் எவர்சில்வர் தட்டில் தட்டுவாளாம். ஊருக்கு ஊர் இதுதான் வழக்கமாம்.

"எம்புட்டு நேரமாத் திருப்புறேன், சத்தத்தையே காணோம். அண்ணாச்சி, செத்த உள்ள பாருங்களேன்."

சாலையைக் கடந்து வேனுக்குள் எட்டிப் பார்க்கிறேன். படம் தெளிவாக ஓடுகிறது. கரண்டி தரையில் கிடக்கிறது. அவள் கண்கள் கரண்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்க்கின்றன. இப்போது வலது கை விரல்களும் அசையவில்லை.

"தட்டுதாளா?"

கரண்டியை எடுத்து நானே இரண்டு முறை தட்டுகிறேன்.

"அப்பாடா!" என்று மேலே அவர் ஆன்டெனாவின் திருகாணியை இறுக்குகிறார்.