தவிட்டுக்கு வாங்கிய பெயர்

எங்கள் வீட்டு அடுக்களைக் கூரை வளையில் ஒரு சுளகு தொங்கியது. அதில் யாரும் அரிசி புடைத்ததில்லை. விளிம்பில் மஞ்சள் தோய்த்த நூல் சுற்றியிருந்தது. புகை ஏறி நூலும் சுளகும் ஒரே கறுப்பாகிவிட்டன. மற்றச் சுளகு கிழிந்தால் அம்மா அயலில் இரவல் வாங்குவாளே ஒழிய அதைத் தொடமாட்டாள். ஒருமுறை நான் எட்டி இழுத்தேன். அம்மா அடிக்கவில்லை. என் கையைப் பிடித்து வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டு உள்ளே தனியே இருந்தாள். அடித்திருந்தால் மறந்திருப்பேன்.

நாங்கள் வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருந்தோம். அப்பாவுக்கு வட்டையில் கொஞ்ச வயல், ஆற்றில் ஒரு தோணி. வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். எனக்கு முன் அம்மாவுக்கு நாலு ஆண்பிள்ளைகள். முதல் மூன்றும் தங்கவில்லை. மூத்தவனுக்கு அப்பா சிரஞ்சீவி என்று பெயர் வைத்தார். சாவில்லாதவன் என்று பொருள். பால் மறக்குமுன் போனான். அடுத்தவனுக்கு மார்க்கண்டன் என்று வைத்தார்கள், எமனிடம் தப்பியவன் பெயர். அவன் தப்பவில்லை. மூன்றாவதற்குப் பெயர் வைக்கவே அம்மா விடவில்லை. அது பெயரில்லாமல் போனது. நல்ல பெயரைக் கூப்பிடக் கூப்பிட அது வேறு யாருடைய காதிலோ விழுகிறது என்று அம்மா நம்பினாள். அது யார் என்று அவள் சொன்னதில்லை.

நாலாவது பிறந்ததும் விற்பதென்று முடிவாயிற்று. எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்வார்கள். பிள்ளையைச் சுளகில் கிடத்திக் குப்பைமேட்டில் வைப்பது, வழியால் வருகிறவர் தவிடு அளந்து வாங்குவது, பிறகு தாய் அதை வளர்க்க மட்டும் கேட்டு எடுப்பது. அப்படி வாங்கிய பிள்ளையைத் தவிட்டான் என்பார்கள், குப்பையன் என்பார்கள். தவிட்டுக்குப் போனதைத் தேடி யார் வரப்போகிறார்கள்? அன்று வழியால் வந்தது அக்கரைக் காத்தான்குடியிலிருந்து விற்கச் சாரன் பொதியோடு வரும் ஒரு முஸ்லிம் உம்மா. அந்தக் கதையைப் பிறகு அவரே பலமுறை எங்கள் முற்றத்தில் சொல்லியிருக்கிறார்.

“ஏங்கா, புள்ளயக் குப்பைல போட்டிரிக்கிங்க? காகம் கொத்தாதா?”

“வாங்குங்க ராத்தா. தவிடு தந்தாக் காணும்.”

“தவிட்டுக்கா? மூக்கையும் முழியையும் பாத்தா பவுணுக்குப் போற புள்ள மாதிரியெல்லோ இரிக்கி.”

தவிட்டை எங்கள் அயல்வீட்டிலேயே இரவல் வாங்கி அளந்தாராம். தவிட்டான் என்று கூப்பிடட்டுமா என்று அம்மா கேட்க, அவர் சம்மதிக்கவில்லை. “நான் வாங்கின புள்ளைக்கி நான்தான் பேர் வெப்பன். யஹ்யா. உசிரோட இரிக்கான் எண்டு அர்த்தம்.” அம்மா பிள்ளையை வளர்க்கக் கேட்டு எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைக்குக் கலியாணம் ஆகும் நாளில், பெற்றவள் அதே சுளகில் தவிடு அளந்து கொடுத்து மீட்கவேண்டும். அதுவரை அவனைத் தன் பிள்ளை என்று சொல்லக்கூடாது. அம்மா அதை ஒரு நாளும் மீறவில்லை. யஹ்யா எங்கள் வீட்டிலேயே, அம்மாவை மாமி என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தார். “மாமி, பசிக்கி” என்று அவர் அடுக்களை வாசலில் நின்றது என் காதில் இன்னும் இருக்கிறது. எனக்கு மட்டும் அவரைக் கூப்பிட ஒரு சொல் தரப்படவில்லை. ஆற்றங்கரைப் பொடியன்கள் விடுவார்களா? “டேய் யஹ்யா, மாமிர மகள் எண்டா மச்சாள்தானே? கட்டன்டா!” என்று கத்துவார்கள். அவர் கல்லை எடுப்பார். நான் வீட்டுக்கு ஓடுவேன். அண்ணன் என்று அவரை நான் எழுதுவது இந்தத் தாளில்தான் முதல் தடவை.

பெயர் என்பது கூப்பிட மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது ஒளிக்கிற இடமாக இருந்தது. எங்கள் ஆட்கள் பிள்ளைக்குப் பிச்சை என்று வைப்பார்கள். சாமியிடம் இரந்து வாங்கியது என்று அர்த்தம். காத்தான்குடியில் அப்துல் என்று தொடங்கும் பெயர்கள் பல. அடிமை என்று அர்த்தமாம், இறைவனுக்கு அடிமை. இதுவும் உம்மா சொன்னதுதான். எல்லோரும் பிள்ளையைத் தங்களுடையது இல்லை என்றுதான் சொல்லிவைத்திருக்கிறார்கள். சொல்லுகிற விதம்தான் வேறு.

ஒரு கச்சான் காற்றுக் காலத்தில் தோணிக்குப் பலகை மாற்றப் பறங்கித் தச்சர், ஓடாவி ஒருவர் வந்தார். நல்ல வேலைக்காரர், வாய் நிற்காது. அண்ணன் அவருக்கு ஆணி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பெயரைக் கேட்டதும் ஓடாவி சுத்தியலை வைத்துவிட்டுச் சிரித்தார்.

“அடே, உண்ட பேரும் எண்ட பேரும் ஒண்டுதான்டா. நீ யஹ்யா, நான் ஜுவாம். ரெண்டும் ஒரே ஆள்ர பேர், ஆத்தில ஞானஸ்நானம் குடுத்தாரே அவர்ர. எங்கட ஆக்கள் அதுக்கு ஆண்டவர் இரங்கினார் எண்டு அர்த்தம் சொல்லுவாங்க.”

அம்மா தேநீர் கொண்டுவந்தவள் நின்றாள். “அந்த ஆள் கனகாலம் இரிந்தவரா?”

“எங்க இரிந்தார்? தலைய வெட்டித் தட்டில வெச்சுக் குடுத்தாங்களே.” அவர் பகிடியாகத்தான் சொன்னார். இரண்டு கையையும் விரித்துத் தட்டின் அளவு காட்டினார். அது சுளகின் அளவு.

அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அன்றிலிருந்து அவள் அந்தப் பெயரையும் வாயில் எடுக்கவில்லை. “அவர்ர பொடியன்” என்பாள், காத்தான்குடிப் பக்கம் கையைக் காட்டுவாள்.

பிறகு அந்தக் காய்ச்சல் வருடம். மழை ஏமாற்றியது. ஆறு இறங்கி, ஓரத்தில் குட்டை குட்டையாகத் தண்ணீர் நின்றது. மீன் செத்து மிதந்தது. நுளம்பு பகலிலும் கடித்தது. முதலில் வயல் காவலுக்குப் போனவர்கள் நடுங்கினார்கள், பிறகு வீட்டுக்கு வீடு. விளைந்த வேளாண்மையை வெட்ட ஆள் இல்லை. ஊரில் நாய் குரைப்பதும் குறைந்தது. பறையடிக்க வருகிறவரும் படுத்துவிட்டார், பிறகு செத்த வீடுகளில் சத்தமே இல்லை. அண்ணனுக்கு ஒரு காலையில் நடுக்கம் கண்டது. அப்போது அவருக்கு மீசை அரும்பியிருந்தது. அம்மா இருந்த சாக்கு எல்லாவற்றையும் மேலே போட்டாள். சாக்குக் குவியலே ஆடியது.

அந்தக் கிழமையே கொயினாக் குளிசையோடு அரசாங்க மருந்துக்காரர், ஓர் அப்போதிக்கரி வந்தார், யாழ்ப்பாணத்து ஆள். களைத்துப் போயிருந்தார். முற்றத்தில் நின்றபடி கேட்டார்.

“உங்களுக்கு எத்தினை பிள்ளையள்?”

“ஒண்டு ஐயா. இந்தப் பொடிச்சிதான்.”

“உள்ளுக்கை முனகிறது ஆர்?”

அம்மா வாசலை மறைத்து நின்றாள். “அது எங்கட பிள்ள இல்ல. காத்தான்குடிப் பிள்ள.”

“அப்ப அவனுக்கு அங்கதான் குடுப்பினம். இஞ்ச இருக்கிறது இந்த ஊருக்கே காணாது.”

அப்பா வாயைத் திறந்தார். அம்மா அவரைப் பார்த்தாள். அப்பா மூடிக்கொண்டார். அப்போதிக்கரி எங்கள் மூவருக்கும் குளிசையைக் கையில் தந்து, தன் முன்னாலேயே விழுங்கச் சொன்னார். நான் விழுங்கினேன். கசப்பு காதுவரை ஏறியது. அம்மாவும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அவர் வேலிப் படலையைத் தாண்டியதும் உள்ளே போய்க் கையில் துப்பி, பனங்கட்டித் துண்டில் அமுக்கி அண்ணன் வாயில் வைத்தாள். அவர் வந்த ஒவ்வொரு தடவையும் அப்படியே செய்தாள். வாயில் கரைந்தது இந்த மெலிந்த உடம்புக்குக் காணும் என்று தனக்குத்தானே சொன்னாள்.

அண்ணன் எழும்பினார். அம்மா படுத்தாள். அவளை எடுக்கக் காய்ச்சலுக்கு அதிக காலம் தேவைப்படவில்லை. கடைசிப் பகலில் அண்ணன் அவள் தலைமாட்டில் இருந்து தண்ணீர் பருக்கினார். அவர் வாயில் “அம்மா” என்று வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் திறக்கவும் பலம் இல்லை. கையைத் தூக்கி அவர் வாயைப் பொத்தினாள்.

“மாமி எண்டு சொல்லு.”

அவர் சொன்னார். கை விழுந்தது.

முற்றத்தில் கிடத்தியிருந்தபோது கொள்ளி வைப்பது யார் என்று கேள்வி வந்தது. பெரியவர்கள் அண்ணனைப் பார்த்தார்கள். கொள்ளிக்குடம் தூக்கினால் அவர் மகன். ஊர் முழுக்கக் காய்ச்சல் நிற்கும்போது அதை ஊர் முன்னால் சொல்வதா? அந்த நேரத்தில்தான் படலையில் காத்தான்குடி உம்மா வந்து நின்றார். இறப்பு அவருக்குத் தெரியாது. தோணியால் இறங்கி ஓடி வந்த மூச்சு. முந்தானை முடிச்சில் குளிசைகள். அவருடைய ஊருக்கு வந்த மருந்துக்காரரிடம் “எனக்கு ஒரு மகன் படுவான்கரைல இரிக்கான், அவனுக்கும் தாங்க” என்று சண்டை பிடித்து வாங்கியவை. கிடந்தவளைப் பார்த்ததும் முடிச்சைப் பிடித்தபடியே நிலத்தில் இருந்துவிட்டார். பிறகு அப்பாவிடம் சொன்னார்.

“தவிடும் வேணாம், ஒண்டும் வேணாம். நான் தாறன், புள்ளய எடுங்க. பெத்தவளுக்கு அவன் செய்யட்டும்.”

“அளந்து எடுக்கவேண்டியவள் இந்தாக் கிடக்காள் ராத்தா,” என்றார் அப்பா. “உயிரக் குடுத்து ஒளிச்சு வெச்சிரிக்காள். நான் எப்பிடிக் காட்டிக் குடுப்பன்?”

பெரியம்மாவின் மகன் கொள்ளி வைத்தான். அண்ணன் வேலிக்கு வெளியே, உம்மாவின் பக்கத்தில், இழவுக்கு வந்த அயலான் போல நின்றார். நான் முற்றத்திலிருந்து அவரைப் பார்த்தேன். அவர் அழவில்லை. அழுதால் அதுவும் தெரிந்துவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

அவருக்குக் கலியாணம் நடந்தது. மீட்பு நடக்கவில்லை. உம்மா இருந்தவரை நோன்புப் பெருநாளுக்குச் சாரன் வந்தது, எங்கள் பொங்கல் அரிசி அங்கே போனது. உம்மாவும் போனார். இரண்டு கரைக்கும் நடுவே பாதை அடைபட்ட காலங்களும் வந்தன. அதை எழுத நான் இதை எடுக்கவில்லை. பெயரால் அண்ணன் பட்ட பாடு கொஞ்சமல்ல. கோயிலில் ஒரு மாதிரிப் பார்த்தார்கள், பள்ளிவாசல் பக்கம் வேறு மாதிரிப் பார்த்தார்கள். மாற்றச் சொன்னவர்களிடம் அவர் ஒன்றே சொன்னார்: “இது நான் வாங்கினதில்ல. என்னை வாங்கின பேர்.” பாம்பு கடித்துப் பிழைத்தார். தோணி கவிழ்ந்து மற்றவர்கள் போக, அவர் மட்டும் கரை சேர்ந்தார். தன் பிள்ளைகளில் இரண்டைத் தானே புதைத்தார். பெயர் சொன்னபடியே நடந்தது. உயிரோடு இருக்கிறார்.

போன கிழமை வந்தார். இப்போது தடி ஊன்றித்தான் நடக்கிறார், மூச்சு இழுக்கிறது. அடுக்களையில் நின்று வளையை அண்ணாந்து பார்த்தார்.

“புள்ள, அத இறக்கு.”

“என்னத்துக்கு?”

“ஒளிச்சது காணும். உம்மாட பேரன் வெள்ளிக்கிழமை வாறன் எண்டவன். நீ அள, அவன் வாங்கட்டும். ஒருக்காச் சத்தமா அம்மா எண்டு சொல்லிப்போட்டுப் போறன்.”

எங்கே போவது என்று நான் கேட்கவில்லை.

நேற்று நெல் ஆலையிலிருந்து தவிடு எடுத்துவந்தேன். முக்காலி வைத்து ஏறிச் சுளகை இறக்கினேன். மஞ்சள் நூல் கை பட்டதும் பொடியாகிப் போனது. அது தொங்கிய இடத்தில் சுவரில் வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கிறது, புகை படாத வட்டம். இன்று வியாழன். நாளை அளந்ததும் அவர் ஒளிந்திருக்க இடம் இல்லை. தவிடு சுளகில் இருக்கிறது. காற்று இல்லை, ஆனால் மேலே கிடக்கிற உமி அசைகிறது. நான் கதவைச் சாத்திவிட்டு உள்ளே தனியே இருக்கிறேன்.