இரண்டு மெஷினில் ஒரு லூர்துசாமி

கடலூரில் லூர்துசாமி உட்கார்ந்தால் சிதம்பரத்தில் கோபுரம் அரை விரல் மேலே எழும்பும். அவர் எழுந்த பிறகுதான் அது பழையபடி இறங்கும். சந்தேகம் உள்ளவர்கள் துறைமுகத்து மீன் ஏலக்காரர்களைக் கேட்டுக்கொள்ளலாம். அவர்களிடம் சொல்லிவைத்ததும் லூர்துசாமிதான்.

எடைதான் அவருக்குப் பட்டம். மாதா தேர் சந்து முனையில் திரும்பும்போது பின்பக்கம் தூக்கிக்கொள்ளாமலிருக்க அவரைத்தான் ஏற்றி நிறுத்துவார்கள். "நூத்தி அறுவது கிலோ! வேற எவன் இருக்கான்?" என்பார். 2009-இல் குடலிறக்க ஆபரேஷனுக்காகச் சிதம்பரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் படுத்தபோது, எடை என்ன என்று கேட்ட நர்ஸிடமும் அதையேதான் சொன்னார். வார்டு மெஷினில் முள் நூற்றிருபதோடு நின்றுவிடும். நர்ஸ் அவர் சொன்னதை எழுதிக்கொண்டார்.

துணைக்கு இருந்தவள் மகள் அனிதா. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள், அப்பாவின் செருப்புக்குள் உயிர் நண்டை விட்டவள். டாக்டர் ராமாமிர்தம் அவளை வெளியே கூப்பிட்டார்.

"ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கும்மா. ரத்தத்த உறைய வைக்கிற சத்து ஈரல்லதான் உண்டாகுது. அது இப்ப சரியா வேல செய்யல. ஆனா இந்த ஒடம்புக்கு ரத்தம் கட்டாம இருக்கவும் ஊசி போட்டாவணும். எடைய வச்சுத்தான் அளவு. கொறைஞ்சா கால்ல ரத்தம் கட்டி நுரையீரல அடைச்சிரும். ஜாஸ்தியானா, இந்த ஈரலுக்கு ரத்தம் நிக்கவே நிக்காது. நூத்தி அறுவது சரிதானே?"

அந்த நூற்றறுபதை அனிதா பிறந்ததிலிருந்து கேட்கிறாள். எந்த மெஷினும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. உள்ளே நர்ஸ் ஊசியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"சார், ஊசிய நிறுத்தச் சொல்லுங்க. தோ வந்துர்றேன்!"

பக்கத்து வார்டுக்கு ஓடி அங்கிருந்த எடை மெஷினைத் தூக்கிவந்தாள். இரண்டையும் ஒட்டி வைத்தாள்.

"யப்பா, நீ நூறு கூட தேற மாட்டியாம், எல்லாம் வெறுங்காத்தாம். நர்ஸக்கா சிரிக்கிறாங்க."

"யாரு? நானா? வைடி மெஷின!"

காலுக்கு ஒன்றாக ஏறி நின்றார்.

"கட்டில புடிக்காத. அப்பறம் பாதி எடை கட்டிலுக்குப் போயிரும்."

வயிறு மறைத்ததால் முட்கள் அவருக்குத் தெரியவில்லை. அனிதா மண்டியிட்டுப் பார்த்தாள். இடது எழுபது. வலது அறுபத்தெட்டு. பயத்தில் இரண்டு தடவை கூட்டினாள். இருபத்திரண்டு கிலோ வெறும் பேச்சு.

"எவ்ளோடி?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நூத்தி அறுவதுப்பா."

லூர்துசாமி வார்டை ஒரு சுற்று பார்த்துவிட்டு ராஜாவைப்போலப் படுத்தார். அனிதா வெளியே பாய்ந்து டாக்டரின் காதில் நூற்று முப்பத்தெட்டு என்றாள். அவர் பழைய அளவை அடித்துவிட்டுக் குறைத்து எழுதினார்.

ஊசி போட்டு நர்ஸ் போன பிறகு லூர்துசாமி கண்ணை மூடியபடியே கேட்டார்.

"டாக்டருகிட்டயாச்சும் நெஜத்த சொன்னியாடி?"

"என்ன நெஜம்?"

"நெஜமாவே நூத்தி அறுவது காட்டியிருந்தா, 'ரெண்டு எருமைடா சாமி'ன்னு வார்டுக்கே கேக்கறமாதிரி கத்தியிருப்ப. மரியாதையா 'நூத்தி அறுவதுப்பா'ன்னியே, அப்பவே தெரிஞ்சுபோச்சு. மூஞ்ச அந்தாண்ட திருப்பாத. மூக்கு ஒழுவுது, தொடச்சிக்க."