அழுகிற மாடியறை

அவளை எல்லாரும் பேயக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் குழந்தை பிறந்த கையோடு இறந்துபோனபோது அவள் நாள் கணக்கில் வாய்விட்டு அழுதாள். பேய் பிடித்துவிட்டது என்று மாமியார் வீட்டில் அவளை அறையில் போட்டுப் பூட்டினார்கள். வெளியூருக்குப் பஸ் ஓட்டிப் போயிருந்த கணவன் வந்து கதவை உடைத்துத்தான் அவளை மீட்டான். அதன்பிறகு எங்கே பேய் என்றாலும் என்னவென்று பார்க்கக் கிளம்பிவிடுவாள். “என் பொண்டாட்டி வர்றான்னா பேயே வீட்டைக் காலி பண்ணிடும்” என்று அவன் பெருமையடித்துக்கொள்வான்.

தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களாவைப் பிரசவ ஆஸ்பத்திரியாக்கச் சொல்லி, கொழுந்து பறிக்கும் பெண்கள் வருஷக்கணக்கில் போராடி ஜெயித்திருந்தார்கள். ஜெயித்து என்ன? மத்தியானமானால் மாடியறையில் ஒரு பெண் விம்மி விம்மி அழுகிற சத்தம். பிரசவத்தில் செத்துப்போன பழைய முதலாளியம்மாதான் என்று பேச்சு. கர்ப்பிணி ஒருத்தியும் வாசலை மிதிக்கவில்லை. பிரசவத்துக்கு வரச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போன மருத்துவச்சி, பேயக்காவை வரவழைத்தாள்.

மத்தியானம் இருவரும் மாடியறையில் காத்திருந்தார்கள். வெளியே மரங்கள் காற்றில் ஆடத் தொடங்கின. அறைக்குள் அழுகை எழுந்தது. பேயக்காவுக்கு அது, அன்று பூட்டிய அறைக்குள் தான் அழுத மாதிரியே இருந்தது. ஆனாலும் மெழுகுவர்த்தியை ஏற்றிச் சுவரோரமாக நடந்தாள். பெரிய அலமாரியின் பக்கத்தில் சுடர் படுத்துக்கொண்டது.

“ஒரு கை பிடி, நகர்த்திடலாம்.”

“அக்கா, அதுக்குப் பின்னாடிதான் அந்தம்மா...” மருத்துவச்சி கதவுப் பக்கம் நகர்ந்தாள்.

“யாரா இருந்தா என்ன, நம்மள மாதிரி பொம்பளைதானே? பிடி.”

அலமாரிக்குப் பின்னால், குளிர்காய்வதற்காக அந்தக் காலத்தில் கட்டிய அடுப்பைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். நடுவில் ஒரு விரிசல். அதிலிருந்து காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. பேயக்கா முந்தானையைச் சுருட்டித் திணித்தாள். அழுகை நின்றது. எடுத்தாள். அழுதது.

“கூரைமேல புகைபோக்கி திறந்து கிடக்கு. அதுல காத்து புகுந்து இங்கே ஊதுது.”

மருத்துவச்சி ஜன்னலுக்கு ஓடி, முற்றத்தில் நின்ற பெண்களைக் கத்திக் கூப்பிட்டாள். ஒவ்வொருத்தியாக வந்து விரிசலைப் பொத்திப் பார்த்தார்கள்.

“அப்போ அந்தம்மா இல்லவே இல்லையா?” என்றாள் ஒரு நிறைமாதக்காரி.

“இருந்தா வெந்நீர் வைக்கச் சொல்லு. சும்மா உட்கார்ந்து என்ன பண்றா?” என்றாள் மருத்துவச்சி.

அறையே அதிரச் சிரித்தார்கள். பேயக்காவும் கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள். கொத்தனார் விரிசலைப் பூசி முடித்த ஈரம் காய்வதற்குள் கட்டில்கள் மாடியேறின. நிறைமாதக்காரி ஜன்னலோரக் கட்டிலில் சட்டமாக உட்கார்ந்துகொண்டாள்.

“இது எனக்கு. யாரும் கண்ணு வைக்காதீங்க!”