கரையை வெட்டிய வேட்டி

எங்கள் நாயின் விளையாட்டுச் சாமான்களைத் தினமும் பள்ளிக்கூடம் கிளம்புவதற்கு முன் நான்தான் பார்க்கிறேன். ஒரு ரப்பர் பந்து, ஒரு ரப்பர் வளையம். துணி எதுவும் கிடையாது. பந்தை அமுக்கி விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பேன். வளையத்தில் பல் பட்டுப் பிய்ந்த இடத்தை விரலால் தடவுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வெந்நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்து, வாடை போகும்வரை அலசி, மொட்டைமாடி வெயிலில் வைக்க வேண்டும். வாரம் முழுக்க வகுப்பில் கத்திவிட்டு வருபவளுக்கு அலுப்பாகத்தான் இருக்கிறது. வேறு யாரிடமும் விட மனம் வரவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் குத்தகை நிலம் தகராறில் இருந்தது. என் மாமனார் காலத்திலிருந்து உழுத கோயில் நிலத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றப் பார்த்தார்கள். தாலுகா ஆபீசில் எங்களுக்காகப் பேச ஒப்புக்கொண்டவர் எதிர்வீட்டுக்காரர்; ஆளுங்கட்சியில் பொறுப்பில் இருந்தவர். பொங்கலுக்குத் தெரு முழுக்கக் கட்சிக் கரைவேட்டி கொடுத்திருந்தார். என் கணவர் வயலுக்குக் கட்டிக் கட்டி அது கிழிந்துபோனது. பத்தாவது படித்துக்கொண்டிருந்த மகள் அதை முறுக்கி முடிச்சுப் போட்டு, நாய் இழுத்து விளையாடக் கொடுத்தாள்.

கணவர் பதறிவிட்டார். “ஏம்மா, அவரு எதுத்த வாசல்லயே உக்காந்திருக்காரு. கட்சிக் கரைய நாய் வாயில பாத்தா நமக்காகப் பேசுவாரா?” என்று மகளிடம் கேட்டார்.

“அப்ப நாயையும் கட்சியில சேத்துடுங்கப்பா.”

எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. முடிச்சை அவிழ்த்து, இரண்டு பக்கக் கரையையும் கத்தரித்து அடுப்பில் போட்டேன். மிச்சத்தை மறுபடி முறுக்கி நாயிடமே கொடுத்தேன். கரை போனால் ஓரத்து நூல் பிரியும் என்பது தையல் தெரிந்த எனக்குத் தெரியாததல்ல. அன்று நாயின் வாய் என் நினைவில் இல்லை. எதிர்வீட்டு வாசல்தான் இருந்தது.

நான்கு நாள் கழித்து நாய் சோற்றைத் தொடவில்லை. நுரை நுரையாக வாந்தி. மகள் அதன் வாயைத் திறந்து பார்த்தாள். “அம்மா, நாக்குக்கு அடியில நூலு சுத்தியிருக்கு.” பிடித்து இழுத்தேன். வரவில்லை, விட்டுவிட்டேன்.

மன்னார்குடியில் கால்நடை மருத்துவர், “இழுத்தீங்களா?” என்றார்.

“லேசா.”

“நூலோட மறுமுனை குடலுக்குள்ள போயிருக்கு. இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா உள்ள குடல அறுத்திருக்கும். உடனே ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிக்குக் கொண்டு போங்க. ஆபரேஷன் பண்ணணும்.”

காரில் மகள் நாயை மடியில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு முறைதான் பேசினாள். “நீதானம்மா வெட்டுன.”

நாய் பிழைத்தது. தையல் பிரித்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று எதிர்வீட்டுக்காரர் பார்க்க வந்தார். மகள் எதையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அட போங்க டீச்சர்,” என்றார் அவர். “அந்த வேட்டியிலதான் நான் வண்டி தொடைக்கிறேன். கேட்டிருந்தா இன்னும் நாலு குடுத்திருப்பேனே.”

நில விவகாரம் இன்னும் முடியவில்லை. மகள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். போன் செய்தால் முதலில் கேட்பது, “பந்தப் பாத்தியாம்மா?”

பார்த்தேன் என்பேன். போனை வைத்ததும் போய் இன்னொரு முறை அமுக்கிப் பார்ப்பேன்.